காதியார் கேட்ட கெசட்

ஊரின் கலியாண வழக்குகளைத் தீர்க்கிற காதியாரின் வீட்டு மண்டபத்தில், நடுக் கதிரையில் எங்கள் டேப் ரெக்கோடர் இருந்தது. ஒரு பெட்டிக்குக் கதிரை கொடுத்துவிட்டு, மனிதர்கள் அதைச் சுற்றி வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த கூத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உம்மாவும், என் மூத்த சகோதரி மசூதா ராத்தாவும், நானும் உள் அறையில் பாயில் இருந்தோம். வாசலுக்குப் பச்சைத் திரை. அதன் ஓரத்தால் ரெக்கோடரும், காதியாரின் முழங்காலும், பக்கத்தில் இருந்த மூன்று பெரியவர்களின் தாடிகளும் தெரிந்தன. ஊதுவத்தி வாசமும் யாரோ பூசியிருந்த அத்தர் வாசமும் கலந்து எனக்குத் தலையை இடித்தது.

வாப்பா எழும்பிப் போய்க் கெசட்டை, அதுதான் ஒலிநாடாவை, செருகிப் பொத்தானை அழுத்தினார்.

முதலில் நீளமான ஒரு கூவல். ஊசியால் காதைக் குடைகிற கூவல். அது நின்றதும், தகரத்தின் மேல் குறுணிக் கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு. அது நிற்கவே இல்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

ஒரு பெரியவர் சைத்தானை விரட்ட "அஊது பில்லாஹ்" என்று ஓதினார். இன்னொருவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றக் காதால் கேட்டார். மூன்றாமவர் கண்ணை மூடியிருந்தார். கேட்கிறாரா தூங்குகிறாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

"மறுபக்கத்தயும் போடுங்க" என்றார் காதியார்.

ராத்தா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மறுபக்கத்தில் வெறும் இரைச்சல்தான் இருந்தது. ஆனாலும் அவள் மூடிய முகத்தைத் திறக்கவில்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"இதுல சொல்லெண்டு ஒண்டுமே இல்லயே" என்றார் காதியார்.

"அதத்தான் நானும் சொல்ற" என்றார் வாப்பா. "மாதக் கணக்காச் செலவும் இல்ல, சொல்லும் இல்ல. கடசியா வந்தது இது. இத வெச்சிட்டு என்ட மகள் இன்னும் எவ்வளவு காலம் பாத்திட்டு இரிக்கிற?"

ராத்தாவின் புருஷனுடைய தமையன் நிந்தவூரிலிருந்து வந்திருந்தார். அவர் வாங்கிலிருந்து பாதி எழும்பினார். "என்ட தம்பி கதச்சித்தான் அனுப்பி இரிப்பான். இவங்கதான் ரெக்கோடர்ல போட்டு இழுத்துப் பழுதாக்கி இரிக்காங்க."

"வாய அடக்குங்க" என்றார் வாப்பா.

"ரெண்டு பேரும் சும்மா இரிங்க" என்ற காதியார் திரைப் பக்கம் திரும்பினார். அவருடைய குரல் இறங்கியது. "மகள், நீங்கதான் சொல்லணும். இந்தக் கெசட்டுல உங்கட புரிசன்ட குரல் கேக்குதா, இல்லயா?"

ராத்தா முந்தானைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்று சொல்வதற்கு முன், அந்தக் கெசட் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் எங்கள் ஊருக்கு டீவி விளையாட்டுப் பெட்டிகள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். "நேரே விஷயத்துக்கு வாருங்கள்" என்று போன கிழமை ஒரு வாசகர் எழுதியிருந்தார். நேரே போகிற பழக்கம் எனக்குப் பிறவியிலேயே இல்லை. அவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

இரண்டு கோடும் ஒரு புள்ளியும்

சொன்னால் நம்ப மாட்டீர்கள். கல்முனைக்குடியில் எங்கள் தெருவுக்கு டீவி வந்தபோது அதில் படம் வரவில்லை. கொழும்பில் ஒளிபரப்புத் தொடங்கிவிட்டார்கள் என்று கதை அடிபட்டதே தவிர, அது எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. துணிக்கடை முதலாளி வீட்டில் மூங்கிலை மூங்கிலோடு கட்டித் தென்னை உயரத்துக்கு அன்டெனா ஏற்றினார்கள். பெட்டிக்குள் வெள்ளைப் பூச்சி பறந்ததுதான் மிச்சம்.

அந்த வெறும் பெட்டிக்கு முதன்முதலாக ஒரு வேலை கொடுத்தது விளையாட்டுத்தான். முதலாளியின் மச்சினன் சவூதியிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த சின்னப் பெட்டி. அதில் இரண்டு குமிழ். டீவியில் இந்தக் கரையில் ஒரு வெள்ளைக் கோடு, அந்தக் கரையில் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு வேலிக் கோடு. ஒரு புள்ளி அங்கும் இங்கும் போய்வரும். குமிழைத் திருகினால் உங்கள் கோடு மேலே கீழே அசையும். புள்ளியைத் தட்டிவிட வேண்டும், தவறவிட்டால் தோல்வி. அவ்வளவுதான் விளையாட்டு. அதற்குத்தான் தெருவே கூடியது.

ஆண்கள் கடையிலும் வயல் வட்டையிலும் இருக்கிற நேரம் பெண்களின் நேரம். உலையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருவராக முதலாளி வீட்டுப் பின்கதவால் நுழைவோம். வயதுக்கு வந்த பிறகு ஓடவும் கூடாது, பந்து எறியவும் கூடாது என்று அடக்கி வைத்திருந்த பெண்டுகள் அங்கே புள்ளியைத் துரத்திக்கொண்டு போட்ட கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ராத்தாவை யாராலும் வெல்ல ஏலாது. அப்போதுதான் கலியாணம் முடித்திருந்தாள், கையில் மருதாணி கூட வெளுக்கவில்லை. இரண்டு விரலால் குமிழைப் பிடித்துக்கொண்டு, வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு, "வா, வா, வா" என்று புள்ளியைக் கூப்பிடுவாள். தோற்ற பெண்கள், "மசூதா சூனியம் செய்யிறாள்கா" என்று சிரிப்பார்கள். என் ராத்தா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

நாள் முழுக்க அந்தக் கோடுகளையே காட்டிக் காட்டி முதலாளியின் டீவியில் நடுக்கோடு நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. பிறகு எங்கள் ஊருக்கும் ஒளிபரப்பு எட்டியபோது, செய்தி வாசிக்கிறவரின் மூக்கை அந்தக் கோடு இரண்டாகப் பிளந்தது. முதலாளி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

அதற்குப் பின்னால் வந்தது தடிப் பெட்டி. மரப்பலகை போலத் தோற்றம் காட்டும் முகப்பு, ஒரு கறுப்புத் தடி, ஒரு சிவப்புப் பொத்தான். விளையாட்டை மாற்ற வேண்டுமென்றால் தடித்த கட்டி ஒன்றைப் பிடுங்கி வேறு கட்டியைச் செருக வேண்டும். சவூதியிலிருந்து அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நேரே நம் சுவரில் குத்தி எரித்தார்கள். சவூதிக் கரண்ட் வேறு, நம் கரண்ட் வேறு என்று யாருக்குத் தெரியும்? ஒரு புகை, ஒரு நாற்றம், முடிந்தது காரியம். எரிந்ததை எறியவும் மனம் வராது. கண்ணாடி அலுமாரிக்குள், வெளிநாட்டுப் பீங்கானுக்கும் பிளாஸ்டிக் பூவுக்கும் நடுவில் வைத்து அழகு பார்ப்பார்கள். எங்கள் ஊரில் எத்தனையோ சீதன வீடுகளில் இந்தச் செத்த பெட்டிகள் மணமகளோடு சேர்ந்து வீற்றிருந்தன.

இதையெல்லாம் ஏன் இழுக்கிறேன் என்றால், குமிழ்ப் பெட்டியோ தடிப் பெட்டியோ, எதிலும் ரெக்கோடரில் போடுகிற கெசட்டுக்கு வேலை இருக்கவில்லை. விளையாட்டுக்கும் கெசட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கலாம் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்ற நியாயமே இல்லை. எங்களுக்குக் கெசட் என்றால் வேறு.

முதல் பக்கம் ஊருக்கு, மறுபக்கம் அவளுக்கு

எங்களுக்குக் கெசட் என்றால் குரல்.

ராத்தாவின் புருஷன் ஜவாத் மச்சான் குவைத்துக்கு வீட்டுச் சாரதியாகப் போனார். எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெரிய கல்வீடு ராத்தாவுக்குச் சீதனம். உம்மா, வாப்பா, நான் மூவரும் அதே வளவில் பின்னுக்குப் போட்ட தகரக் கொட்டிலுக்குப் பெயர்ந்திருந்தோம். மச்சான் போன பிறகு அந்தக் கல்வீட்டில் ராத்தாவும் கைக்குழந்தை பர்ஸானாவும் மட்டும்தான்.

மச்சானுக்கு எழுத்து வராது என்றில்லை, எழுதப் பிடிக்காது. கூலிக்கு எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். கெசட்டில் பேசி, லீவில் வருகிற ஊர்க்காரர் கையில் கொடுத்துவிடுவார். முதல் பக்கத்தை எல்லாரும் மண்டபத்தில் கூடியிருந்து கேட்போம். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு இருமல், பிறகு சலாம். "மாமா எப்படி, மாமி எப்படி, சின்னப்புள்ளைக்கி மாப்புள பாத்தாச்சா, மாடு கண்டு போட்டதா?" எல்லாரையும் வரிசை தப்பாமல் விசாரிப்பார். தமக்குப் பெயர் வருகிற இடத்தில் ஒவ்வொருவரும் முதுகை நிமிர்த்திக்கொள்வோம்.

மறுபக்கம் ராத்தாவுக்கு. அது எழுதாச் சட்டம். முதல் பக்கம் முடிந்ததும் வாப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே போவார். ராத்தா ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். எந்த வீட்டிலும் ஒருத்தியின் மறுபக்கத்தை இன்னொருவர் கேட்டதில்லை. காதியார் வீட்டில் அவள் முகத்தை மூடிக்கொண்டது அதற்காகத்தான். ஒன்றுமில்லாத இரைச்சல் என்றாலும் அது அவளுடைய பக்கம். அதை ஆண்கள் கூடியிருந்து கேட்டார்கள்.

பிறகு ஒரு மாரிக் காலத்தோடு கெசட்டுகள் நின்றன. செலவுக்கு வந்துகொண்டிருந்ததும் நின்றது. கேள்விப்பட்டதெல்லாம் கதைகள்தான். அங்கே ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்துவிட்டார் என்றார்கள். ஜெயிலில் இருக்கிறார் என்றார்கள். அதே காலத்தில் வேறு ஊரில் யாரோ ஒருவன் கெசட்டில் மூன்று தலாக் சொல்லி அனுப்பினானாம். அதுவும் முதல் பக்கத்தில். வீடே கூடியிருந்து கேட்டதாம். அந்தக் கதைக்குப் பிறகு பெண்கள் பொத்தானை அழுத்தவே பயந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மருதமுனைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து கெசட்டை உம்மாவின் கையில் வைத்தார். அவருக்கு அது விமான நிலையத்தில் இன்னொருவரிடமிருந்து கிடைத்தது. அந்த இன்னொருவருக்கு வேறு யாரோ கொடுத்தார்களாம்.

"ஜவாத்தாம் தந்த. கல்முனைக்குடி ஊட்ட குடுக்கட்டாம்" என்றார்.

"வேற ஒண்டும் சொல்லல்லயா தம்பி?" என்று உம்மா கேட்டா.

"சொல்லி இரிப்பார் மாமி. என்ட கைக்கு வரக்குள்ள இவ்வளவுதான் வந்த."

வழக்கமாக மச்சான் வாங்குகிற அதே சாதாரண கெசட்தான். வழக்கமாக அதன் மேல் 'மசூதாவுக்கு' என்று எழுதியிருக்கும். இந்த முறை 'பர்ஸானாவுக்கு' என்று எழுதியிருந்தது.

சத்தத்துக்குள் தேடியது

அன்றைக்கு மண்டபத்தில் கூடியிருந்து அந்தக் கூவலையும் கரகரப்பையும் கேட்டோம். பர்ஸானா பயந்து அழுதாள். உம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டா. வாப்பா பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, "வெயிலுக்க வெச்சிருப்பானுகள், நாடா பழுதாப் போச்சி" என்றார்.

ரேடியோ திருத்துகிறவரிடம் கொண்டுபோனோம். அவர் ரெக்கோடரின் தலையைத் துடைத்தார், வேறு ரெக்கோடரில் போட்டார், பென்சிலைச் செருகி நாடாவைச் சுற்றிப் பார்த்தார். "பழுதெண்டும் சொல்ல ஏலா, நல்லமெண்டும் சொல்ல ஏலா" என்று திருப்பித் தந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவரும் அதற்குள் ஒரு மனிதக் குரலைத்தான் தேடினார்.

தேடாதவர்கள் யார்? பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டுவிட்டு, "கரகரப்புக்கு அடியில என்னமோ மூணு தரம் சொல்ற மாதிரி இரிக்கிகா" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள். உம்மாவுக்கு அதில் ஓதுகிற சத்தம் கேட்டது. மகளின் பெயரை எழுதி மனைவியின் பெயரை விட்டதற்கு என்ன அர்த்தம் என்று பள்ளிவாசலடியில் பேசிக்கொண்டார்கள். பெண்டாட்டியைக் கைவிட்டுப் பிள்ளையை மட்டும் வைத்திருக்கிறான் என்று அர்த்தமாம். நாக்கில் நரம்பில்லாத சனங்கள்!

ராத்தா ஒருவரோடும் கதைக்கவில்லை. பர்ஸானா தூங்குகிற மதிய நேரங்களில் அறைக்குள் போய்ச் சத்தத்தைக் குறைத்துப் போட்டுக் கேட்பாள். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குப் பூச்சி கத்துவது போலக் கேட்கும். ஒரு நாள் என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"இந்த இடத்தக் கேளு. இந்தா, இந்தா... இரும்புறார்."

நான் காதை ரெக்கோடரோடு ஒட்டிக் கேட்டேன். கரகரப்பில் ஒரு சின்ன முறிவு இருந்தது, மெய்தான். அது இருமலா என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

"கேட்டிச்சா?"

"ஓம் ராத்தா."

"கதச்சித்தான் இரிக்கார்டி. என்ன சொன்னாரோ, அல்லாஹ், என்ன சொன்னாரோ தெரியல்லயே" என்று அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். என் ராத்தா அழுவாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வாப்பா கெட்டவர் இல்லை. அவருக்கு அவசரம். மூத்தவளின் வாழ்வு அந்தரத்தில் நிற்கிற வீட்டுக்கு இளையவளைக் கேட்டு யார் வருவார்கள்? எனக்குப் பேசிய இரண்டு சம்பந்தம் கதையோடு நின்றுவிட்டது. இதற்கிடையில் வரிப்பத்தான்சேனையில் அலியார் என்று ஒரு விவசாயி, மனைவியை இழந்தவர், பிள்ளையோடு பெண்ணென்றாலும் சம்மதம் என்று ஆள் அனுப்பியிருந்தார். புருஷன் செலவு கொடுக்காமல் கைவிட்டால் மனைவி காதியாரிடம் கேட்டு வாங்குகிற விவாகரத்துக்குப் பஸஹ் என்று பெயர். அதைக் கேள் என்று வாப்பா ராத்தாவை நெருக்கத் தொடங்கினார்.

"அவர் வருவார் வாப்பா. ஒரு சொல்லு வரட்டும். வேணாம் எண்டு அவர் வாயால சொல்லட்டும், நான் கையெழுத்து வெக்கிறன்."

"சொல்லு வந்திச்சே. கேட்டயே. நாய் ஊளையிர்ர மாதிரி."

"அதுக்குள்ள அவர் இரிக்கார்."

"உனக்கு விசர் புடிச்சிட்டு!" என்று கத்திய வாப்பா, குசினி வாசலில் நின்ற என்னைக் கையால் காட்டினார். "இவளப் பாரு. நீ பாத்திட்டு இரி. இவளும் உன்னோட சேந்து கெழவியாகட்டும்."

ராத்தா என்னைப் பார்த்தாள். மண் சட்டியில் சுண்டிக்கொண்டிருந்த மீன் ஆணத்தை இறக்கி வைத்தாள். மனுவில் கையெழுத்து வைக்க அவள் சம்மதித்தது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை.

திரைக்குப் பின்னால்

இனிக் காதியார் வீட்டுக்குத் திரும்பலாம்.

மனுப் போட்டாலும் காதியார் சும்மா எழுதிக் கொடுக்கிற மனிதர் இல்லை. கெசட் வந்ததைக் கேள்விப்பட்டு, அதைக் கொண்டுவாருங்கள், புருஷன் என்ன சொல்லியிருக்கிறான் என்று கேட்காமல் நான் பஸஹ் கொடுக்க மாட்டேன் என்றவர் அவர்தான். நியாயம்தானே. குரல் இருக்கிறதென்றால் தவணை போடுவார், குவைத்துக்கு ஆள் விட்டு விசாரிப்பார். இல்லையென்றால் அன்றைக்கே முடிவு.

அதனால்தான் அந்தக் கேள்வி. இதுல உங்கட புரிசன்ட குரல் கேக்குதா, இல்லயா?

ராத்தா என்னை நீண்ட நேரம் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "ஓமெண்டு சொல்லுங்க ராத்தா" என்று வாயை மட்டும் அசைத்தேன். அவளுக்கு விளங்கியது. விளங்கியதனால்தானோ என்னவோ, கண்ணை என் மேலிருந்து எடுத்தாள்.

"இல்ல" என்றாள்.

"வடிவா யோசிச்சிச் சொல்லுங்க மகள்."

"இல்ல. அவர்ர குரல் இதுல இல்ல."

மண்டபத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மச்சானின் தமையன் விருட்டென்று எழும்பி வெளியே போகிற செருப்புச் சத்தம் கேட்டது. காதியார் "இன்னா லில்லாஹி" என்று மெல்லச் சொன்னார். மரண வீட்டில் சொல்கிற சொல் அது.

ரெக்கோடரைத் துவாயில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியில் வாப்பா, பர்ஸானாவுக்கு என்று சொல்லி வாழைப்பழம் வாங்கினார். மிச்சக் காசை வாங்காமலே நடந்தார்.

விவாகரத்தானவள் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்தது. ராத்தாவுக்கும் அலியாருக்கும் காவின் என்கிற கலியாணப் பதிவு எழுதினார்கள். அதே வருடம் எனக்கும் மாப்பிள்ளை வந்தது. என் கலியாணத்தில் ராத்தாதான் ஓடி ஓடி எல்லாம் செய்தாள். ஒருநாளாவது, ஒரு கோபத்திலாவது, உனக்காகத்தான் என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தால் எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும். சொல்லவே இல்லை.

அலியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் குறை சொல்ல முடியாத மனிதர். விதைப்புக்கும் வெட்டுக்கும் வரிப்பத்தான்சேனைக்குப் போவார், மற்றக் காலமெல்லாம் எங்கள் வளவில் இருப்பார். பர்ஸானாவைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார். அவர் ஒரு முரடராக இருந்திருந்தால் நாங்கள் எல்லாரும் வாய்விட்டு அழுதிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

கடப்படியில்

அறுவடை நாள். அலியார் வட்டைக்குப் போயிருந்தார், வாப்பாவும் அவரோடு. பர்ஸானா ஓதப் போயிருந்தாள். நான் என் வீட்டிலிருந்து உம்மாவைப் பார்க்க வந்து, முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கடப்படியில், அதுதான் எங்கள் வளவு வாசலில், ஒரு ஆள் நின்றார். தோளில் அட்டைப் பெட்டி. தாடி நரைத்து, கழுத்து எலும்பு தெரிந்தது. சலாம் சொன்ன குரலை வைத்துத்தான் ஜவாத் மச்சான் என்று கண்டேன்.

உள்ளே வாங்கள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவருக்கும் தெரிந்திருந்தது. நிந்தவூரில் அவருடைய வீட்டில் எல்லாம் சொல்லியிருந்தார்கள். கடப்புக்கு இந்தப் பக்கம் அவர் கால் வைக்கவில்லை.

பெட்டியை இறக்கி வைத்தார். "பர்ஸானாக்கு" என்றார். "கெசட் வந்து சேந்திச்சா புள்ள? அது இதுக்குத்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அட்டையைத் திறந்து காட்டினார். தட்டச்சு இயந்திரம் போல எழுத்துக் கட்டைகள் வைத்த தட்டையான பெட்டி. டீவியில் செருகி விளையாடுவதாம். விளையாட்டைக் கெசட்டில் வைத்திருப்பார்களாம். ரெக்கோடரை அதில் பூட்டிக் கெசட்டை ஓடவிட்டால், அந்தக் கூவலையும் கரகரப்பையும் பெட்டி வாசித்துப் படமாக்குமாம். அரபி வீட்டுப் பிள்ளைகள் புதிது வந்ததும் பழையதை வெளியே வைத்துவிட்டார்களாம். கெசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், அதனால் முதலில் அதைக் கொடுத்துவிட்டாராம். பெட்டி பின்னால் வரும், நானே கொண்டுவருவேன் என்று சொல்லிவிடச் சொன்னாராம். மூன்று கை மாறியதில் அந்தச் சொல் எந்தக் கையில் விழுந்ததோ.

நான் மிளகாய்க் கையோடு அப்படியே நின்றேன். காதியார் வீட்டில் அத்தனை பெரிய மனிதர்கள் கதிரை போட்டுக் கேட்டது ஒரு சின்னப் பிள்ளையின் விளையாட்டை.

"அப்ப அதுல நீங்க கதைக்கல்லயா மச்சான்?"

"இல்ல."

"இரும்பக்கூட இல்லயா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "விளையாட்டுக் கெசட்டுல ஏன் புள்ள இரும்புற?"

"வேற கெசட்டுல ஒரு சொல்லுக் கதச்சி அனுப்பி இரிக்கலாமே!" எனக்கு வந்த கோபத்தில் சத்தமாகவே கேட்டேன். "ஒரே ஒரு சொல்லு!"

அவர் பெட்டியின் மூடியை மடித்து மடித்து நிமிர்த்தினார். வேலை போய்விட்டது என்றார். பிறகு கிடைத்த இடத்தில் சம்பளம் இழுபட்டது, டிக்கட்டுக்குச் சேர்க்கவே இவ்வளவு காலமும் போயிற்று என்றார். "ரெக்கோடரத் துறந்து வெச்சிட்டு எத்தின தரம் இரிந்த. காசி இல்லாம வெறும் குரல எப்பிடி அனுப்புற? வெக்கமா இரிந்திச்சு புள்ள. புள்ளைக்கி இதையாவது அனுப்புவம் எண்டுதான்..."

எனக்குப் பின்னால் கல்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. ராத்தா அதன் பின்னால் எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவள் இன்னொருவரின் மனைவி, வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"நான் காசயா கேட்ட?"

மச்சான் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எத்தின கெசட்டுல நானும் கதச்சி அனுப்பின. ஒண்டுலயாவது காசி அனுப்புங்க எண்டு கேட்டனா? சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். மெய்யாகவே காத்திருந்தோம். தெருவில் ஒரு மாட்டு வண்டில் நெல் மூட்டைகளோடு போய் முடிந்தது. அவர் குனிந்து அட்டைப் பெட்டியின் மூடியை மறுபடி மடித்தார்.

"இப்பயும் கதைக்க மாட்டீங்க" என்றாள் ராத்தா. கோபமே இல்லாமல் சொன்னாள். பிறகு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

மச்சான் என் பக்கம் திரும்பிக் கேட்டார். "நல்ல மனிசனா, அவர்?"

"ஓம் மச்சான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் இனி எனக்கு மச்சான் இல்லை. அந்த முறை சொல்லி நான் கூப்பிட வேண்டியவர் அப்போது வட்டையில் எங்கள் வாப்பாவோடு நெல் அள்ளிக்கொண்டிருந்தார். எதிரில் நின்றவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு, பெட்டியைக் கடப்படியிலேயே விட்டுவிட்டு, பஸ் சந்திப் பக்கம் நடந்தார்.

நில்லுங்கள் என்று கூப்பிட நினைத்தேன். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால் கூப்பிடவில்லை.